ஆவாரையா, நிலாவாரையா, பேயாவாரையா? இலைக்காம்பைப் பார்த்துப் பிரிக்கும் முறை

ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து ஓய்ந்ததும் கோவில்பட்டிக் கரிசலில் தொடங்கி நாங்குநேரி, வள்ளியூர் தாண்டி திசையன்விளைச் செம்மணல் தேரி வரைக்கும் தரிசெல்லாம் மஞ்சள் பூ. ஓடைக்கரையில் நிற்பதும் மஞ்சள், ரயில்பாதை ஓரத்தில் நிற்பதும் மஞ்சள், குப்பைமேட்டில் முளைத்ததும் மஞ்சள். எல்லாவற்றுக்கும் ஐந்து இதழ், எல்லாவற்றுக்கும் ஜோடி ஜோடியாய்ச் சிற்றிலை, எல்லாவற்றிலும் நெற்றுக் காய். பயறு, உளுந்து, காணம் இருக்கும் அதே அவரைக் குடும்பத்தில் இவை ஒரு தனிக் கூட்டம். ஒன்றுக்கொன்று பங்காளிச் செடிகள் என்பதால் புதிதாகப் பார்ப்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது அவசியம். இவற்றில் ஒன்று நிலாவாரை. அதன் இலை உலக மருந்துச் சந்தையில் 'டின்னவெல்லி சென்னா' என்று, திருநெல்வேலி என்ற நம் ஊர்ப் பெயரிலேயே விற்கிறது. மலச்சிக்கலுக்கான பேதி மருந்து. இன்னொன்று பேயாவாரை. மேற்கு உத்தரப் பிரதேசத்தில் சிறு பிள்ளைகளின் மூளை, கல்லீரல், தசை மூன்றையும் தாக்கி உயிரைப் பறித்த நோய்க்கு, அவர்கள் இந்தச் செடியின் காயைத் தின்றதே காரணம் என்று மருத்துவர்கள் 2007-இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டும் ஒரே ஓடைக்கரையில் பத்தடி இடைவெளியில் வளரக்கூடியவை.

முதலில் பெயர். ஊர்ப்பெயரை மட்டும் நம்பிப் பிரிக்கவே முடியாது. பொன்னாவாரை என்று ஒரு ஊரில் சொல்லும் செடியை அடுத்த ஊரில் பேயாவாரை என்பார்கள். தகரை என்ற பெயர் நாலு செடிக்குப் போகிறது. 'அவுரி' இன்னும் மோசம்: சாயம் எடுக்கும் நீலி அவுரியும் அவுரிதான், தூத்துக்குடிப் பக்கம் வயலில் போடும் நிலாவாரையும் வியாபாரத்தில் அவுரிதான். ஆகவே இந்தக் கட்டுரையில் ஆவாரை என்றால் சென்னா ஆரிகுலேட்டா, நிலாவாரை என்றால் சென்னா அலெக்சாண்ட்ரினா (பழைய புத்தகங்களில் காசியா அங்குஸ்டிஃபோலியா), பேயாவாரை என்றால் சென்னா ஆக்சிடென்டாலிஸ், பொன்னாவாரை என்றால் சென்னா சோஃபெரா, தகரை என்றால் சென்னா டோராவும் அதன் இரட்டை போன்ற சென்னா ஆப்டுசிஃபோலியாவும். இந்த ஒப்பந்தத்தோடு மேலே படியுங்கள்.

கையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று. 15 செ.மீ. ஸ்கேல். சவரப் பிளேடு. பென்சில், நோட்டு. பழைய செய்தித்தாள் ஒரு கட்டு. பேனா வேண்டாம்; தூறலில் மை கலைந்துவிடும். காலை பத்து மணிக்குள் போனால் பூ வாடாமல் இருக்கும். சாயங்காலம் இந்தச் செடிகளின் சிற்றிலைகள் மடங்கிக்கொள்ளும். பறித்த கொஞ்ச நேரத்திலும் அப்படித்தான். அதனால் எண்ண வேண்டியதைச் செடியில் இருக்கும்போதே எண்ணிவிட வேண்டும்.

முதல் படி: இந்தக் கூட்டம்தானா?

ஒரு முழு இலையைக் காம்போடு கையில் எடுங்கள். நுனியில் ஒற்றைச் சிற்றிலை நிற்கிறதா, ஜோடியாக முடிகிறதா என்று பாருங்கள். ஆவாரைக் கூட்டம் முழுவதும் ஜோடியில்தான் முடியும். ஒற்றையாக முடிந்தால் அது கொழுஞ்சியாகவோ நீலி அவுரியாகவோ இருக்கலாம். அவுரி இலையின் அடிப்புறத்தை லென்ஸில் பாருங்கள்: முடிகள் நடுவில் ஒட்டி இரண்டு பக்கமும் நீண்டு, படுத்துக் கிடக்கும். இந்த முடி ஆவாரைக் கூட்டத்தில் கிடையாது.

பிறகு பூ. உளுந்து, தட்டப்பயறு, அகத்திப் பூவில் மேலே பெரிய கொடி இதழ் ஒன்று மற்ற இதழ்களைப் போர்த்திக்கொண்டு வெளிப்பக்கம் நிற்கும். ஆவாரைக் கூட்டத்தில் ஐந்து இதழும் ஏறக்குறைய ஒரே அளவு. மேல் இதழ் மற்றவற்றுக்கு உள்பக்கம் இருக்கும். மலர்ந்த பூவில் இதைப் பார்ப்பது சிரமம். அடுத்த நாள் விரியப்போகிற முற்றிய மொட்டைப் பிளேடால் குறுக்கே வெட்டினால் எந்த இதழ் எதை மூடுகிறது என்று தெளிவாகத் தெரியும்.

இரண்டாம் படி: மூன்று பேரினங்கள்

தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் காலம் தொட்டு இவை எல்லாம் 'காசியா' என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் ஒரே தொகுதியில், கிடந்தன. 1982-இல் இர்வின், பார்னெபி என்ற தாவரவியலாளர் இருவரும் அதைக் காசியா, சென்னா, கமேகிரிஸ்டா என்று மூன்றாக்கினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் கண்ணால் பார்க்கக்கூடிய உறுப்புகளைத்தான். நீங்களும் அதே வழியில் போகலாம்.

சரக்கொன்றை பூத்திருந்தால் பூவுக்குள் பாருங்கள். கீழ்ப்பக்கம் மூன்று மகரந்தத் தாள்கள் மற்றவற்றைவிட மிக நீளமாக, பாம்பு போல முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமும் வளைந்து நிற்கும். இதுதான் காசியா. காய் 30 முதல் 60 செ.மீ. நீளமுள்ள உருளைக் குழல், தானாக வெடிக்காது. சென்னாவில் தாள்கள் குட்டையானவை. நேராகவோ லேசாக உள்வளைந்தோ இருக்கும், இரட்டை வளைவு இராது. கமேகிரிஸ்டாவை அடையாளம் காட்டுவது காய்: முற்றிக் காய்ந்ததும் இரண்டு ஓடும் திருகிக்கொண்டு பட்டென்று வெடித்து விதையைத் தெறிக்கும். செடிக்குக் கீழே சுருண்ட ஓடுகள் கிடந்தால் அதுவே சாட்சி.

வேரிலும் ஒரு சோதனை உண்டு. ஈரமண்ணில் நிற்கும் சிறு செடியை மண்ணோடு கிளறி எடுத்துத் தண்ணீரில் அலசுங்கள். வேர்முடிச்சு இருந்தால் கமேகிரிஸ்டா. காசியாவுக்கும் சென்னாவுக்கும் வேர்முடிச்சு கிடையாது. அவரைக் குடும்பம் என்றாலே வேரில் முடிச்சு இருக்கும் என்று பள்ளியில் படித்தவர்கள் இங்கே ஏமாறுவார்கள். ஆவாரை வேரைக் கழுவிப் பார்த்து முடிச்சு இல்லையே என்று குழம்ப வேண்டாம், இராது. அதேபோல முடிச்சு கண்ணில் படவில்லை என்பதை மட்டும் வைத்து கமேகிரிஸ்டா இல்லை என்றும் முடிவுகட்டாதீர்கள். செடியைப் பிடுங்கும்போது முடிச்சு அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும்.

நம் பக்கம் கமேகிரிஸ்டாவில் எளிதில் கண்டுபிடிக்கக்கூடியது கருங்காணம் என்ற கமேகிரிஸ்டா ஆப்சஸ். சிற்றிலை இரண்டே ஜோடி. தொட்டால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். தொட்டாச்சுருங்கி போல மிக நுண்ணிய சிற்றிலைகளோடு இருக்கும் சிறுசெடிகளும் இந்தப் பேரினத்தைச் சேர்ந்தவையே. அவற்றில் மிகக் கீழ் ஜோடிக்கும் கீழே இலைக்காம்பில் தட்டு போல ஒரு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாம் படி: சுரப்பி

எல்லாவற்றையும்விட நேரம் ஒதுக்க வேண்டிய இடம் இது. சென்னா இனங்களைப் பிரிப்பதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

இலைக்காம்பைத் தண்டோடு சேருமிடத்திலிருந்து நுனி வரை லென்ஸ் வைத்து மெதுவாகப் பாருங்கள். காம்பின் மேல்பக்கம் பார்க்க வேண்டும், அடிப்பக்கம் அல்ல. கடுகளவோ அதைவிடச் சிறிதாகவோ ஒரு புடைப்பு தெரியும். அதுதான் சுரப்பி. இதில் தேன் கசியும். எறும்பு அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். லென்ஸ் இல்லாவிட்டால் எறும்பு எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே போதும், சுரப்பியின் இடம் அகப்பட்டுவிடும்.

கவனிக்க வேண்டியது மூன்று: சுரப்பி இருக்கிறதா, எங்கே இருக்கிறது, என்ன வடிவம்.

காம்பின் அடியிலேயே, தண்டை ஒட்டிய தடிப்புக்குப் பக்கத்தில் ஒன்றே ஒன்று இருந்தால் பேயாவாரை அல்லது பொன்னாவாரை. பேயாவாரையில் அது உருண்டையாக, காம்பில்லாமல், கருஞ்சிவப்பாகக் காம்போடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பொன்னாவாரையில் அதே இடத்தில்தான், ஆனால் ஒல்லியாகக் கூம்பிச் சின்னக் குச்சி போல நிமிர்ந்து நிற்கும். இரண்டு இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

சிற்றிலை ஜோடிகளுக்கு இடையில் சுரப்பி இருந்தால் ஆவாரை அல்லது தகரை. ஆவாரையில் ஏறக்குறைய ஒவ்வொரு ஜோடிக்கு நடுவிலும் ஒன்று, ஏணிப்படி மாதிரி வரிசையாக நிமிர்ந்து நிற்கும். தகரையில் மொத்தமே மூன்று ஜோடி சிற்றிலைதான். கீழ் இரண்டு ஜோடிகளுக்கு நடுவிலும் சுரப்பி இருந்தால் சென்னா டோரா; மிகக் கீழ் ஜோடிக்கு நடுவில் மட்டும் இருந்தால் சென்னா ஆப்டுசிஃபோலியா.

சுரப்பியே இல்லையென்றால் நிலாவாரை, சீமை அகத்தி, மஞ்சக்கொன்றை, தரையோடு படரும் சென்னா இட்டாலிகா ஆகியவற்றில் ஒன்று. 'இல்லை' என்று எழுதும் முன் ஒரே செடியில் குறைந்தது ஐந்து இலையாவது பாருங்கள். முற்றிய இலையில் சுரப்பி காய்ந்து உதிர்ந்திருக்கும், பூச்சி கடித்திருக்கும், புழுதி அப்பியிருக்கும். சாலையோரச் செடி என்றால் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் பாருங்கள். நடுத்தர வயதுள்ள இலைதான் சரி. கொழுந்திலும் பார்க்காதீர்கள், பழுத்ததிலும் பார்க்காதீர்கள்.

நான்காம் படி: காம்படிச் செதில்

இலைக்காம்பு தண்டில் சேருமிடத்தில் இரண்டு பக்கமும் இருக்கும் சின்ன உறுப்பைத்தான் பாடப்புத்தகம் இலையடிச்செதில் என்கிறது. பெரும்பாலான சென்னாவில் இது மெல்லியதாய், ஊசி போல இருந்து சீக்கிரம் உதிர்ந்துவிடும். ஆவாரையில் மட்டும் இது இலை மாதிரியே பச்சையாக, அகலமாக, காதுமடல் வடிவத்தில் தண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும். நுனியில் சின்ன வால் ஒன்றும் இருக்கும். ஆரிகுலேட்டா என்ற பெயரே 'காதுள்ளது' என்ற பொருளில் வைத்ததுதான். பூவும் காயும் இல்லாத கோடைக்காலத்தில்கூட இந்தக் காதை வைத்து ஆவாரையைச் சொல்லிவிடலாம்.

ஐந்தாம் படி: சிற்றிலை

ஜோடிகளை எண்ணுங்கள். ஒரே இலையை எண்ணி முடிவு கட்டாதீர்கள். ஒரு செடியில் ஐந்து இலை எண்ணி, குறைந்ததும் கூடியதும் எழுதுங்கள். தகரைக்கு மூன்று. பேயாவாரைக்கு மூன்று முதல் ஐந்து, அபூர்வமாக ஆறு. பொன்னாவாரைக்கு ஆறு முதல் பத்து. நிலாவாரைக்கு ஐந்து முதல் எட்டு. ஆவாரைக்கு எட்டு முதல் பன்னிரண்டு. எண்ணிக்கை ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதைக் கவனியுங்கள்: ஆறு ஜோடி என்றால் மூன்று இனத்துக்கு இடம் இருக்கிறது. எண்ணிக்கையைச் சுரப்பியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

வடிவம் இன்னும் உதவும். தகரையின் சிற்றிலை நுனி அகன்று அடி குறுகிய முட்டை. நுனி ஜோடிதான் பெரியது. பேயாவாரையின் சிற்றிலை அடி அகன்று, நுனி நீண்டு கூர்மையாக முடியும். கசக்கினால் குமட்டும் நாற்றம். நிலாவாரையின் சிற்றிலை ஈட்டி வடிவம், 2.5 முதல் 5 செ.மீ., மஞ்சள் கலந்த வெளிறிய பச்சை; அதன் அடிப்பாகம் நடுநரம்புக்கு இரண்டு பக்கமும் சமமாக இராது, ஒரு பக்கம் கீழே இறங்கியிருக்கும். ஆவாரைச் சிற்றிலை நுனி மழுங்கி, நடுவில் ஒரு சின்ன முள்முடியோடு முடியும். சீமை அகத்தியை யாரும் தவறவிட மாட்டார்கள்: அரை மீட்டர் நீளமுள்ள இலை, மெழுகுவத்தி போல நிமிர்ந்த பூங்கொத்து, நான்கு பக்கமும் இறக்கை வைத்த காய்.

ஆறாம் படி: காயும் விதையும்

காய் இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆவாரைக் காய் 7 முதல் 12 செ.மீ., காகிதம் போலத் தட்டையாக, விதைக்கு விதை குறுக்கே பள்ளம் விழுந்து, நுனியில் சூலகத்தண்டு வாலாக நீண்டிருக்கும். நிலாவாரைக் காய் குட்டையாகவும் அகலமாகவும் இருக்கும்: நீளம் 4 முதல் 6 செ.மீ., அகலம் ஏறக்குறைய 2 செ.மீ., தட்டையாக லேசாய் வளைந்தது. சென்னா இட்டாலிகாவின் காயும் தட்டைதான். ஆனால் பிறை போல நன்றாக வளைந்து, விதைகளுக்கு மேலே நடுவில் வரிசையாக முகடு எழும்பியிருக்கும். மணல்பாங்கான இடங்களில் இதை நிலாவாரை என்று பறித்துவிடுவார்கள். செடி தரையில் படர்ந்து, சிற்றிலை நுனி அகன்று மழுங்கியிருந்தால் அது நிலாவாரை அல்ல.

பேயாவாரைக் காய் 8 முதல் 12 செ.மீ., ஒரு செ.மீ.க்கும் குறைந்த அகலம், தட்டை. நடு பழுப்பு, இரண்டு விளிம்பும் வெளிறியிருக்கும். பொன்னாவாரைக் காய் முற்றினால் ஊதி உருளையாகிவிடும். இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. பொன்னாவாரையின் பிஞ்சும் தட்டையாகத்தான் இருக்கும். பச்சைக் காயை வைத்து பேயாவாரை என்று எழுதிவிடுவார்கள். அதே செடியில் காய்ந்த நெற்றைத் தேடிப் பார்க்கவும். கிடைக்காவிட்டால் சுரப்பியின் வடிவத்துக்கே திரும்பிப் போகவும்.

தகரை இரண்டையும் பிரிப்பதற்கு விதை நல்ல துணை. இரண்டுக்கும் ஒல்லியான, அரிவாள் போல வளைந்த காய். விதை சாய்சதுரக் கட்டி. விதையின் பக்கத்தில் மங்கலான பட்டை ஒன்று ஓடும். அது அகலமாக, ஒன்றரை முதல் 2 மி.மீ. இருந்தால் சென்னா டோரா. கோடு போல அரை மி.மீ.க்குள் இருந்தால் ஆப்டுசிஃபோலியா. காய்க்காம்பும் சொல்லும்: டோராவில் ஒரு செ.மீ.க்குள் குட்டை, மற்றதில் நீளம்.

புதியவர்களை ஏமாற்றும் பூ

ஆவாரைப் பூவை இரண்டு மூன்று பறித்து முகம் பார்க்க வைத்தால், சிலவற்றில் சூலகம் இடப்பக்கம் வளைந்திருக்கும், சிலவற்றில் வலப்பக்கம். வேறு இனமோ என்று தோன்றும். இல்லை, ஒரே செடியில், ஒரே கொத்தில்கூட இரண்டும் உண்டு. பூவில் தேன் கிடையாது, மகரந்தப்பைகள் நுனித் துளை வழியாகத்தான் திறக்கும். பெரிய கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரத்தோடு உதறும்போது மகரந்தம் அந்தத் துளை வழியாகச் சிதறி வண்டின் உடம்பில் ஒரு பக்கமாகப் படியும். எதிர்ப்பக்கம் வளைந்த சூலகமுள்ள பூவுக்குப் போகும்போது அது சூல்முடியில் படும். எனவே இடது, வலது என்பதை இனம் பிரிக்கும் அடையாளமாக எழுத வேண்டாம்.

பத்து மகரந்தத் தாளும் ஒரே அளவில் இராது. மேலே உள்ள மூன்று பெரும்பாலும் மலட்டுத் தாள்கள், சிறியவை. 'ஏழு தாள்' என்று எழுதிவிடாமல் லென்ஸில் பார்த்து மலட்டையும் சேர்த்து எண்ணுங்கள்.

கடையில் வாங்கிய காய்ந்த இலை

காய்ந்த இலையில் காம்பும் சுரப்பியும் காதும் இராது. தனிச் சிற்றிலைகள் மட்டுமே. ஒரு பிடியை வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வெள்ளைத் தட்டில் விரித்து, ஒவ்வொன்றாகப் பாருங்கள். நிலாவாரை என்று விற்றதில் ஈட்டி வடிவமும் சமமில்லாத அடியும் இருந்தால் நல்லது. நுனி மழுங்கி முள்முடி வைத்தவை வந்தால் ஆவாரை கலந்திருக்கிறது. நுனி அகன்ற முட்டை வடிவம் வந்தால் சென்னா இட்டாலிகா. காய்ந்தபின் நீலம் கலந்த கருப்பாக மாறிய சிறு இலைகள் வந்தால் நீலி அவுரி. அதைத் தலைமுடிச் சாயத்துக்கு வாங்குவார்கள், வயிற்றுக்கு அல்ல. பொடியாக அரைத்துவிட்டால் கண்ணால் பிரிக்க வழியே இல்லை. அதனால் இலையாகவே வாங்குங்கள். கண்ணால் பிரித்த இலையை மருந்தாக எடுப்பதென்றால் சித்த மருத்துவரிடம் காட்டாமல் எடுக்க வேண்டாம்.

பதப்படுத்தி வைக்க

ஒரு சாம்பிளில் பூ, காய், முழு இலை, தண்டு நான்கும் வேண்டும். சின்னச் செடி என்றால் வேரோடு. செய்தித்தாள் மடிப்பில் விரித்து, ஒன்றிரண்டு இலையின் மேல்பக்கம் தெரியும்படித் திருப்பி வைத்து, பலகைக்கு நடுவில் அழுத்துங்கள். முதல் மூன்று நாள் தினமும் தாள் மாற்ற வேண்டும். வாடைக்காற்று அடிக்கும் மழை நாட்களில் ஒரு நாள் விட்டுவிட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். தடித்த காயை இலையோடு சேர்த்து அழுத்தாதீர்கள், சுற்றியுள்ள இலை சுருங்கிப்போகும். தனி உறையில் போடுங்கள். காயும்போது சிற்றிலைகள் கழன்று விழும் என்பதால் ஜோடி எண்ணிக்கையை முதல் நாளே எழுதிவிடவும்.

பிறகு ஒப்பிட்டுப் பார்க்க பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் உலர்தாவரத் தொகுப்பு இருக்கிறது; கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டலத் தொகுப்பு இருக்கிறது. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

சீட்டில் தேதி, ஊர், மண் (கரிசலா, செம்மண்ணா, தேரியா), செடியின் உயரம், பூவின் நிறம் எழுதுவது எல்லோருக்கும் தெரியும். விட்டுப்போவது சுரப்பிதான். காய்ந்ததும் அது சுருங்கி நிறம் மாறி, இருந்த இடமே தெரியாமல் போய்விடும். ஆகவே செடிக்கு முன்னால் நிற்கும்போதே 'சுரப்பி ஒன்று, காம்படியில், உருண்டை, கருஞ்சிவப்பு' என்று பென்சிலால் எழுதிவிட்டுத்தான் அடுத்த செடிக்கு நகர வேண்டும்.